ஒரு சாண்

காலை நான்கு பத்து.
டிராலிபஸ் பணிமனையின் பின்னறை.
வெளியே பனி, உள்ளே ஹீட்டர்,
அதன்மேல் காய்கின்றன நாலு பேரின் கையுறைகள்.
பழைய வண்டியிலிருந்து உரித்த ரப்பர் விரிப்பில்
மல்லாந்து கிடக்கிறேன்.
மேசையின் அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்
ரீகா நகரத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

பதினெட்டு வருஷம் ஒரே இருக்கை.
ஒரு சாண் வயிற்றுக்காக உட்கார்ந்தேன்.
வயிறு இரண்டு சாண் ஆனது,
இடுப்பு எனக்கு முன்பே ஓய்வு கேட்டது.
சங்கம் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட்
ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள்.
தாளில் இருப்பது பாதி. மீதி நான் கண்டுகொண்டது.

முழங்கால்களை மடக்கு.
பாதம் இரண்டும் தரையில், இடுப்பகலம் விட்டு.
எதற்கடியிலும் செருகாதே.
(மோத்ரிஸ் ஹீட்டருக்கடியில் செருகினான்.
அவன் கதைக்கு வருகிறேன்.)
கைகள் மார்பின் குறுக்கே,
குளிரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்
தங்களைத் தாங்களே கட்டிக்கொள்வார்களே, அப்படி.
மோவாய்க்கும் கழுத்துக்கும் நடுவே,
டிசம்பரில் இங்கே எல்லார் பையிலும் இருக்கும்
அந்தச் சின்ன ஆரஞ்சை நினைத்துக்கொள்.
நசுக்காதே. உருட்டியும் விடாதே.

இப்போது மூச்சை வெளியே விடு,
விட்டபடியே எழு.
கதவு திறக்கும்போது வண்டி விடுமே, அந்த ஒலி.
எழு என்றால் எழுந்து உட்காருவதல்ல.
எண் சாண் உடம்பில்
ஒரு சாண் எழுந்தால் போதும்.
தோள்பட்டை தரையை விடட்டும்,
இடுப்பு விடக் கூடாது.
மேலே ஒரு கணம் நில்,
யாரோ ஓடிவருகிறார்கள் என்று தெரிந்து
கதவை மூடாமல் வைத்திருக்கும் அந்த ஒரு கணம்.

பிறகு இறக்கம்.
வேலையே இதுதான்.
தொப்பென்று விழுகிறவன் பாதிதான் செய்கிறான்.
நின்றபடி வரும் அறுபது பேரோடு
உறைந்த சரிவில் பிரேக் பிடிப்பாயே,
ஒருவர் கையிலுள்ள காப்பியும் தளும்பாமல்,
அப்படி இறங்கு.

மோத்ரிஸ் ஐம்பது செய்தான்.
தலைக்குப் பின்னால் விரல் கோத்து
தன் தலையைத் தானே பிடுங்குகிறவன்போல்
இழுத்து இழுத்து.
எண்ணினோம், கைதட்டினோம்.
குண்டேகா, நீ ஏழுதானே, என்றான்.
டிராலிபஸ் ஓட்டுகிற எவருக்கும் தெரியும்
வெட்டி இழுத்தால் என்ன ஆகுமென்று.
கூரைமேல் கழி கம்பியை விட்டு விலகும்,
வண்டி நடுத்தெருவில் செத்துக் கிடக்கும்,
இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்து
எல்லாரும் பார்க்க
வானத்தில் ஊசிக்கு நூல் கோக்க வேண்டும்.
இருபத்தாறு வருஷம் கம்பி விலகாமல் ஓட்டியவன்
கழுத்தில் விலக்கிக்கொண்டான்.
மறுநாள் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க
முழு உடம்பையும் திருப்பினான்,
மாடிப்படியில் அலமாரி திரும்புவதுபோல.
மேலாளர் ஸ்கைட்ரீட்டே சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

ஆறு.
ஏழு.
எட்டு. வயிறு நடுங்குகிறது, நடுங்கட்டும்.
குத்தக் கூடாது. குத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான்,
எண்ணிக்கை யார் வீட்டு அடுப்பையும் எரிக்காது.
ஒன்பதில் கழுத்து உதவிக்கு வருகிறது,
நல்ல எண்ணத்தோடுதான்,
வேலை தெரியாத பக்கத்து வீட்டுக்காரனைப் போல.
போ, என்கிறேன். இது உன் ஷிப்ட் இல்லை.
ஒன்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்து மணி. முதல் நடை.
பாலத்துக்குக் கீழே தௌகவா பாதி உறைந்திருக்கிறது.
இருட்டிலிருந்து ஒரு நரி குறுக்கே வர,
பிரேக்கில் கால் படுமுன்பே
உள்ளே ஏதோ, ஒரு சாண் அளவுக்கு,
இறுகிக்கொண்டது.
நின்றோம்.
நரி எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கடந்தது.
பின்னால் ஒருவரும் விழவில்லை.
பின்னால் இருந்ததே மூன்று பேர்.
மூவரும் தூக்கத்தில்.